ஸ்டாச்சு ஆடிய எலி

ஆய்வுக்கூடத்தில் என் வேலை, எலிகள் அசையாமல் நிற்பதை அளப்பது. மணியொலி கேட்கும், கூடவே காலில் லேசாக மின்சாரம் படும். மறுநாள் மணி மட்டும் ஒலித்தாலே எலி உறைந்து நின்றுவிடும். எத்தனை விநாடி நின்றது என்று பார்த்தால், எவ்வளவு பயம் கற்றது என்பது தெரியும். இதை வீட்டில் யாருக்கும் என்னால் விளக்க முடியவில்லை. மாமாவுக்கு விளக்கத் தேவையே இல்லை. நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, பட்டாபிராமில் அவரே இதைச் செய்து காட்டியவர்.

என் பள்ளிச் சட்டையின் காலரை ஒரு எலி தின்றுவிட்டது. எங்கள் குடும்பத்திலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் சட்டை அது. வடை வைத்த கூண்டில் எலி சிக்கியதும், அம்மா பக்கெட்டில் தண்ணீர் பிடித்துவிட்டாள். கூண்டோடு முக்குவதுதான் எங்கள் தெரு வழக்கம். நான் அழுதேன்.

அம்மாவின் தம்பியான மாமா அப்போது வேலை தேடிக்கொண்டிருந்ததால் எல்லாவற்றுக்கும் அவருக்கு நேரம் இருந்தது. சைக்கிள் மணியை அடிப்பார், உடனே குச்சியால் கூண்டைத் தட்டுவார். சிலமுறை இப்படிச் செய்தபின், மணி அடித்தாலே எலி சிலையாகிவிட்டது.

“பாத்தியாக்கா, ஸ்டாச்சு ஆடக் கத்துகிச்சு. அடுத்த டிரெயின் போற வரிக்கும் அசையாம நின்னா உட்ருவோம். அசைஞ்சா நீ முக்கிடு.”

எலியாவது நிற்பதாவது என்று அம்மாவும் சம்மதித்தாள்.

மணி அடித்தது. எலி ஒரு முன்னங்காலைத் தூக்கியபடியே நின்றது. துணைக்கு நானும் நின்றேன். அம்மா குனிந்து பார்த்தாள்.

“வவுறு ஆடுதேடா. தோத்துச்சு.”

“மூச்சு உட்றது கணக்குல வராதும்மா.”

“பையன் சொல்றது கரெக்டுக்கா,” என்றார் மாமா. “மூச்சு உடாம ஆட அது இன்னா பொணமா?”

எங்கள் ஆய்வுக்கூடத்திலும் இன்று இதே விதிதான். அம்மா பதில் சொல்வதற்குள் ரயில் தடதடத்துப் போனது. அவள் முணுமுணுத்துக்கொண்டே காலர் போன சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தண்டவாளத்துக்கு அப்பால் புதரோரம் கூண்டைத் திறந்து வைத்தோம். எலி வெளியே வரவில்லை.

“போ நைனா, அதான் ஜெயிச்சிட்டியே,” என்றார் மாமா.

எங்கள் விளையாட்டில் ‘ஓவர்’ என்று சொல்லும்வரை யாரும் அசையக்கூடாது. நான் கூண்டருகே உட்கார்ந்து, “ஓவர்,” என்றேன். அப்போதும் அது நகரவில்லை. விலாப்பக்கம் மட்டும் வேகவேகமாகத் துடித்தது. ஸ்டாச்சு நிற்கும்போது சிரிப்பை அடக்கினால் எனக்கும் வயிறு அப்படித்தான் குலுங்கும். அதற்கும் சிரிப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.