விடச் சொல்ல மறந்த மூச்சு

மருத்துவமனையில் அவனுக்கு மூச்சுப்பிடி என்று பெயர். எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க அவன் சொல்வது அதைத்தான்: மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. படத்தில் எது தெரிந்தாலும் வாயைத் திறக்கமாட்டான். "டாக்டர் சொல்வாரு" என்பதோடு சரி. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "உள்ளே இருக்கிறதையே பாத்துப் பழகிட்டேன், வெளி அழகு கண்ணுல படமாட்டேங்குது" என்பான்.

இருமலோடு வந்த அந்தப் பெண் முகக்கவசம் போட்டிருந்தாள். தாடையைத் தகட்டின் மேல் வைத்து, கைகளை இடுப்பில் ஊன்றி, தோள்களை முன்னே தள்ளி நிற்கச் சொன்னான். தடுப்புக்குப் பின்னால் போய், "பிடிங்க" என்று பொத்தானை அழுத்தினான்.

திரையில் படம் விழுந்தது. இடது தோளருகே காறை எலும்பு எப்போதோ முறிந்து, முடிச்சுவிட்டுக் கோணலாகக் கூடியிருந்தது. அவன் படித்த காலத்தில், பள்ளிக்கூடத்துப் பின்சுவரிலிருந்து குதித்த ஒருத்திக்கு அப்படி முறிந்தது. குதிக்கச் சொன்னவன் அவன்தான். தூக்கிக்கொண்டு ஓடி, அவள் அப்பாவிடம் அறை வாங்கினான். கட்டுப் பிரிக்கும் முன்பே அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அப்புறம் அவன் மனதில் வேறொருத்தி உட்காரவே இல்லை.

அந்த எலும்பிலிருந்து கண்ணை எடுத்த பிறகுதான் வலது நுரையீரலில் எலுமிச்சையளவு வெள்ளைத் திட்டைப் பார்த்தான். "விடுங்க" சொல்ல மறந்துபோனான்.

"யோவ், விடலாமா கூடாதா? உயிர் போகுது!"

ஓடிவந்தான். "சுவரேறிக் குதிச்சவதானே நீ?"

கவசத்தை இறக்கிவிட்டு உற்றுப் பார்த்தாள். "அடப்பாவி, குண்டூசியா? அன்னைக்கு எலும்ப ஒடச்சே, இன்னைக்கு மூச்சையே நிறுத்தப் பாத்தியா?" பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அதுதான் பெயர். சிரிப்பு இருமலாகிப் போனது. "வீட்டுக்காரர் போய்ச் சேந்துட்டாரு. தனியாத்தான் கெடக்கேன். நீ?"

"நானும் தனியாத்தான்."

"அப்ப ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. சரி, படம் எப்படி இருக்கு?"

"டாக்டர் சொல்வாரு."

"'ஒண்ணும் ஆகாது, குதி'ன்னப்பவும் இதே முழிதான் முழிச்சே. உண்மையைச் சொல்லு."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மீறாததை மீறினான். "நல்லா இல்ல."

அவள் மெல்லக் கவசத்தை ஏற்றிக்கொண்டாள். "அதுக்காக வராம இருந்துடாதே."

போனான். அடுத்த ஞாயிறும் போனான். பிறகு துணிமணியோடு போய் அங்கேயே தங்கிவிட்டான். அக்கம்பக்கத்தார் வாய் சும்மா இருக்கவில்லை. அதைக் காதில் வாங்க அவளுக்குத் தெம்பில்லை, அவனுக்கு நேரமில்லை. மருந்து கொடுத்தான், வாந்தி அள்ளினான், டாக்டர் கேட்டபோதெல்லாம் அவனே படம் எடுத்தான். திட்டு பெருத்துக்கொண்டே வந்தது.

கடைசித் தடவை சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். முதுகுக்குப் பின்னால் தகட்டைச் செருகி, "பிடி" என்றான். அவளால் முடியவில்லை. படம் கலங்கியிருந்தது. இன்னொன்று எடுக்கச் சொல்லி டாக்டர் போன் செய்தார். "வேணாம் சார்" என்று வைத்துவிட்டான்.

"இன்னொரு தடவை பிடிக்கணுமா?" என்றாள்.

"வேணாம். வீட்டுக்குப் போலாம்."

தகட்டை உருவிவிட்டு, அந்தக் கோணல் எலும்பு நோகாதபடி தோளில் சால்வையைச் சுற்றினான்.