பெண் வீட்டார் பார்த்த நீச்சல் போட்டி

என் மாமாவுக்குப் பெண் அமையாததற்கு நீச்சல்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. வடமதுரையில் தாத்தாவின் தோட்டத்துக் கிணற்றில் தவளை நீச்சல் அடித்துப் பழகியவர், அதையே பிடித்துக்கொண்டு தேசியப் போட்டி வரை போய், திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் நீச்சல் மாஸ்டராகவும் ஆகிவிட்டார். பெண் கொடுப்பவர்களுக்கு அது போதவில்லை. ஒருத்தர் தாத்தாவின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: “நீச்சலெல்லாம் ஒரு வேலையா? எங்க ஊரு எருமகூடத்தான் நாள் பூரா நீந்துது. அதுக்கு யாரு பொண்ணு குடுத்தா?” அன்று தாத்தா சாப்பிடவே இல்லை.

பழனிப் பக்கம் கீரனூரிலிருந்து அடுத்த சம்பந்தம் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். பெண்ணுக்கு மாமாவின் போட்டோ பிடித்திருந்தது. மாமாவுக்குப் பெண்ணின் போட்டோ எவ்வளவு பிடித்திருந்தது என்றால், நனையாமல் இருக்க அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நீச்சல் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு நடை வந்து, தாத்தாவோடு நாங்களும் குடியிருந்த வீட்டைப் பார்த்துவிட்டால் பேசி முடித்துவிடலாம். ஆடி பிறக்க இருந்ததால் அதற்குள் ஒரே ஒரு நல்ல நாள்தான் கிடைத்தது. பார்த்தால், அன்றைக்குத்தான் மாமா எங்கேயோ வெளிநாட்டில், பல நாட்டுக்காரர்கள் கலந்துகொள்ளும் பெரிய போட்டியில், ஆண்களுக்கான இருநூறு மீட்டர் தவளை நீச்சலில் இறங்க வேண்டியிருந்தது.

வீட்டைத்தானே பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளை எதற்கு என்று எல்லோரும் சமாதானம் ஆகிவிட்டார்கள். தாத்தா மட்டும் வேறு திட்டம் வைத்திருந்தார். போட்டியை இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டதும், வந்தவர்களை உட்காரவைத்து அதையே போட்டுக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தார். எருமைக்காரருக்கும் சேர்த்து அதுதான் அவருடைய பதில். மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. முந்தின நாள் போனில் என்னிடம், “பாப்பா, மாமா கடைசி ஓரத்துல, மஞ்சத் தொப்பி” என்று மட்டும் சொல்லியிருந்தார். அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அம்மா கேசரித் தட்டை நீட்டினாள். “வேண்டாமுங்க. பேச்சு முடியாம கை நனைக்கறது வழக்கமில்லீங்க” என்று பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அம்மாவும் வற்புறுத்தவில்லை. விருந்தாளிகள் சாப்பிடும்வரை கேசரிப் பக்கமே போகக்கூடாது என்பது எனக்கு இடப்பட்டிருந்த உத்தரவு. அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது, எல்லாம் நமக்குத்தான் என்று நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

என் அப்பா, அம்மாவின் போனை டிவியோடு எப்படியோ இணைத்தார். பச்சை நீலத்தில் குளம் தெரிந்தது. எட்டுப் பேர் வந்து வரிசையாக மேடை ஏறிக் குனிந்தார்கள். அந்த நேரம் பார்த்து நெட் நின்றது. அரைக்கால் ஜட்டி போட்ட எட்டு ஆம்பிளைகள் பின்பக்கம் காட்டிக் குனிந்தபடியே திரையில் உறைந்துபோனார்கள். பெண்ணின் அம்மா தலையைக் கவிழ்த்துத் தரையைப் பார்த்தார். அம்மா சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அப்பா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைந்தார்.

படம் மறுபடி ஓடி, அம்மாவும் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது எட்டுப் பேரும் தண்ணீருக்குள் இருந்தார்கள். தலைகள் எழும்பி எழும்பி முங்கின. யார் யாரென்று தெரிய வழியே இல்லை. ஆனாலும் தாத்தா தயங்கவில்லை. நடுவில் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தவனைக் காட்டி, “அந்தா, நம்ம பய!” என்றார். அதற்குப் பிறகு அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் சுவரை முதலில் தொட்டான். பெண்ணின் அப்பா எழுந்து தாத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“தாத்தா, அது மாமா இல்ல. ஓரத்துல இன்னும் நீந்திக்கிட்டு இருக்காருல்ல, மஞ்சத் தொப்பி, அவருதான்” என்றேன்.

தொடையில் அம்மா கிள்ளிய கிள்ளு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் நான் சொன்னதை யாரும் மறுக்க முடியவில்லை. ஜெயித்தவன் தொப்பியைக் கழற்றினான். செம்பட்டை முடியோடு ஒரு வெள்ளைக்காரன் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். மாமா அப்போதுதான் தனியாக வந்து சேர்ந்தார்.

அதன் பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா தோட்டத்தைப் பற்றி என்னவோ பேசினார். பெண்ணின் அப்பா, “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்று நாற்காலியில் கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டார்.

அப்போது போன் அடித்தது. அப்பா பதற்றத்தில் எதையோ அமுக்க, டிவித் திரை முழுக்க மாமாவின் ஈர முகம் வந்துவிட்டது. போன் மல்லாந்து கிடந்ததால் அவருக்கு எங்கள் வீட்டு மின்விசிறி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

“அக்கா, கடைசிக்கா! எட்டுப் பேருல எட்டாவது! ஆனா இம்புட்டு வேகமா நான் என் ஆயுசுல நீந்துனதே இல்லக்கா!” பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கீரனூர்க்காரவுக வந்துட்டாகளா? அப்பா நான் ஜெயிச்சேன்னு எதையாச்சும் அளந்து விட்டுறப் போறாரு. கடைசின்னே சொல்லிருங்க. அந்தப் புள்ள பின்னாடி தெரிஞ்சுக்கிட்டு வருத்தப்படக் கூடாது.”

தாத்தா ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தார். மாமா போனை வைத்துவிட்டார்.

பெண்ணின் அம்மா அதுவரை ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. வாசல் வரை போய்விட்ட கணவரை, “ஏனுங்க, இங்க வாங்க” என்று கூப்பிட்டார். அவர் திரும்பி வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மறுபடியும் நாற்காலியில் போட்டார். அந்த அம்மா என் அம்மாவிடம், “இலையப் போடுங்க கண்ணு. பசிக்குது” என்றார்.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு அதற்குள் எப்படிப் பசிக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. என் கேசரி கண்ணெதிரே கரண்டி கரண்டியாக இலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அது போதாதென்று, பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. பாவம், தம்பி தோற்றுப்போன துக்கம் இப்போதுதான் பொங்குகிறது என்று நினைத்தேன். கிள்ளு வாங்கிய கோபத்தை மறந்து, அவள் சேலையைப் பிடித்து இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே தேற்றினேன்.

“அழாதம்மா. அடுத்த தடவ மாமா ஜெயிச்சிருவாரு.”