மூன்று வண்டிக்குச் சொல்லியிருந்தேன்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. குற்றாலத்தில் எங்கள் வீட்டு வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்தபடி நின்றிருந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சீசன் உச்சத்தில் இருந்ததால் தெருவின் இரண்டு பக்கமும் வெளியூர் வண்டிகள். நின்ற நேரத்தில் எண்ணிப் பார்த்தேன், பதினேழு. அதில் ஒன்றுகூட எனக்காக வந்தது இல்லை.

என் மனைவிக்குச் சிறுநீரகங்கள் பழுதாகி, செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள் தென்காசியில் உள்ள ஒரு மையத்துக்கு டயாலிசிஸ் செய்யப் போய் வருகிறோம். சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஊசி, மருந்து, படுக்கை எல்லாம் அதில் அடங்கிவிடும். ஆனால் வீட்டிலிருந்து அந்தப் படுக்கைக்குப் போய்ச் சேருவதும் திரும்பி வருவதும் எந்த அட்டையிலும் கிடையாது. அது நம் பாடு. தூரம் என்னவோ ஐந்தாறு கிலோமீட்டர்தான். வீங்கிய காலோடு அவளால் பஸ் படி ஏற முடியாது. திரும்பும்போது துணி மாதிரித் துவண்டு கிடப்பாள். சாய்ந்து உட்கார இடம் வேண்டும். ஆகவே காருக்குத்தான் சொல்லியாக வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகன் பணம் அனுப்புவான், ஆப்பில் போடுங்கள் என்பான். எங்கள் தெருவுக்கு ஆப்பில் போட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி வராது.

ஒருமுறை, சொல்லி வைத்திருந்த கார் வழியில் பஞ்சராகி, நாங்கள் நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். காத்திருந்த வேறொருவருக்கு இயந்திரத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கும் உயிர்தானே. அன்று இரவு முழுவதும் அவள் மூச்சுக்குத் தவித்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாள். அதற்குப் பிறகு நான் ஒரே ஒரு வண்டியை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். முந்தின நாள் மாலையே மூன்று பேருக்குச் சொல்லிவிடுவேன். ஒரு வெள்ளைக் கார், ஒரு சிவப்புக் கார், ஓர் ஆட்டோ. எது முதலில் வருகிறதோ அதில் ஏறிக்கொண்டு, மற்ற இருவருக்கும் போன் செய்து "வேண்டாம்" என்பேன். எனக்கு இதில் ஒரு பைசா நட்டமில்லை. நான் கண்டுபிடித்த ஏற்பாடு என்று மகனிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். சீசன் நெரிசலுக்காகப் பத்துக்கே கிளம்பத் திட்டம். ஞாயிறு மையம் விடுமுறை. சனி தவறினால், திங்கட்கிழமை யாராவது வராமல் போனால்தான் இடம். அவள் எடை மூன்று கிலோ கூடியிருந்தது. அத்தனையும் வெளியேற வழியில்லாமல் உடம்பில் தங்கிய தண்ணீர். காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

இதற்கிடையில் எங்கள் வாசலை மறித்துக்கொண்டு ஒரு வேன் நின்றது. சீசனில் எனக்கு முக்கிய வேலையே வாசலில் வண்டி நிறுத்துகிறவர்களோடு சண்டை போடுவதுதான். வேன் ஓட்டுநர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் கார் வரப்போகிறது, உடனே எடுங்கள் என்றேன்.

"கார் வரட்டும் அண்ணாச்சி, வந்த ஒடனே எடுத்துருதேன். முன்னால வண்டி, பின்னால வண்டி, நான் இதக் கொண்டுபோய் எங்கன சொருக?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. போலீசில் சொல்வேன் என்று, அவர் கண் முன்னாலேயே வண்டி எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "எழுதுங்க, எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் பேப்பரை விரித்தார்.

பத்து ஆயிற்று. யாரும் வரவில்லை. வெள்ளைக் காருக்குப் போன் போட்டேன்.

"நான் அஞ்சருவில நிக்கேன் அண்ணாச்சி. செவப்பு வண்டி வந்திருக்கும்னுல்லா ஒரு குடும்பத்த ஏத்திட்டேன்."

சிவப்புக் காருக்குப் போட்டேன். அவர் கொஞ்சம் சூடாகவே பேசினார். "வெள்ள வண்டி வரலியா? செவ்வாக்கெழம நான் ஒங்க வாசல்ல வந்து ஹாரன் அடிக்கேன், நீங்க அவரு வண்டில போயாச்சு. வியாழக்கெழமையும் அதே கததான். சீசன்ல ஒரு சவாரி போச்சுன்னா போனதுதான். இன்னைக்கும் அவருதான் வருவாருன்னு நான் செங்கோட்டைக்கு வந்துட்டேன்."

ஆட்டோக்காரர் எடுத்ததும் சிரித்தார். "அண்ணாச்சி வாசலுக்குக் கல்யாண ஊர்வலம் மாரி மூணு வண்டி வருமே! மூணுமா வரல?" பிறகு என் குரலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினார். ஆனால் அவரும் பழைய குற்றாலத்தில் நெரிசலில் சிக்கியிருந்தார். அரை மணி நேரமாக வண்டி நகரவில்லையாம்.

மூன்று பேரும் ஒரே டீக்கடையில் நிற்கிறவர்கள். நான் மூன்று பேருக்கும் சொல்வது அவர்களுக்குள் எப்போதோ தெரிந்துபோன சமாசாரம். எவர் மேல் கோபப்படுவது? போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன். வேறு இரண்டு பேரை விசாரித்தேன். எல்லோரும் சவாரியில் இருந்தார்கள்.

மனைவி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "இப்படி நடந்தா வண்டி வந்துருமா? உக்காருங்க" என்றாள். பேசும்போதே வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்கியது. 108ஐக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "எனக்கு என்ன வந்துட்டு, அதக் கூப்பிட? சாகக் கெடக்கவங்களுக்கு வேணும்லா" என்று தலையாட்டிவிட்டாள். அவள் சொன்னது சரிதான். இது அவசரம் இல்லை. இன்று போகாவிட்டால்தான் அவசரமாகும்.

அப்போது தெருமுனையிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். இடுப்பில் துண்டு, தலையிலிருந்து பாதம் வரை எண்ணெய். சாரல் துளிகள் அவர்கள் முதுகில் நிற்காமல் உருண்டன. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து ஊற வைத்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் அதிகமாகி, போலீசார் விசில் அடித்து அருவியை மூடிவிட்டார்களாம். குளிக்கவும் முடியாமல் சட்டை போடவும் முடியாமல் அந்த எட்டுப் பேரும் வந்த கோலத்தை வேறொரு நாளாக இருந்தால் நானே ரசித்திருப்பேன். அவர்கள் நேராக வேனுக்குப் போனார்கள். கடையநல்லூரிலிருந்து வந்த அண்ணன் தம்பிகளும் மச்சான்களும் என்று பிறகு தெரிந்தது. அவர்களில் மூத்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வளைகுடாவில் வேலை. சீசனைக் கணக்குப் பண்ணித்தான் விடுமுறை எடுப்பவராம்.

ஓட்டுநர் அவரிடம், "அண்ணாச்சி நம்ம நம்பர எழுதி வச்சிருக்காரு, போலீஸ்ல சொல்லப் போறாராம்" என்றார். மூத்தவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். திரும்பியவர் நாற்காலியில் இருந்த என் மனைவியையும் அவள் காலையும் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஆச்சிக்கு என்ன?"

சொன்னேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதினொன்று என்றேன். மணி அப்போது பத்து இருபத்தைந்து. அவர் வேனில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நாலு பேரு எறங்கி நில்லுங்க. ஆச்சி கால நீட்டி உக்காரணும்."

"நாங்க எங்கன மச்சான் நிக்க, இந்தக் கோலத்துல?"

"அண்ணாச்சி வாசல்ல நில்லு. ஒன்னய எவன் தூக்கிட்டுப் போவான், வழுக்கிருவலே."

கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, நாற்காலியோடு அவளைத் தூக்கி வேனில் வைத்தார்கள். இடது கையில்தான் ஊசி போடுவார்கள், அதைத் தொடாதீர்கள் என்று நான் நாலைந்து முறை கத்தினேன். ஒருவரும் கோபப்படவில்லை. அவளை நீள இருக்கையில் சாய்த்து உட்கார வைத்து, உலர்ந்த துண்டுகளை மடித்து முதுகுக்குக் கொடுத்தார்கள். முன்னும் பின்னும் நின்ற வண்டிகளை யார் யாரையோ கூப்பிட்டு நகர்த்தச் சொல்லி வேனை வெளியே எடுத்தபோது பத்து முப்பத்தைந்து.

மேலகரம் வரை வண்டி ஊர்ந்துதான் போனது. நான் கடிகாரத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மூத்தவருக்குப் போன் வந்தது. வாசலில் விட்டுவிட்டு வந்த மச்சான் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அருவியத் தொறந்துட்டான்! சீக்கிரம் வா!"

இங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்களோ என்று நினைத்தேன். அவர் ஜன்னல் வழியே ஒரு தடவை மலையைப் பார்த்தார். "நீங்க போய்க் குளிலே, நாங்க வாரோம்" என்று போனை வைத்துவிட்டு என் மனைவியிடம், "லீவு இன்னும் ஒம்போது நாளு கெடக்கு ஆச்சி. அருவி எங்க ஓடிரப் போவுது" என்றார். அவள் லேசாகச் சிரித்தாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். காத்திருந்த ஒருவரை உள்ளே அழைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் வழியும் நான்கு பேர் துண்டோடு ஒரு பெண்மணியை நாற்காலியில் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து, வாசலில் இருந்த காவலாளி எதுவும் கேட்காமல் வழி விட்டார். அவளை உள்ளே சேர்த்துவிட்டு வெளியே வந்து, ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். வண்டி வாடகை என்றேன்.

"உள்ள வைங்க அண்ணாச்சி."

அந்த நேரம் மறுபடியும் போன். அருவியைத் திரும்பவும் மூடிவிட்டார்களாம். மச்சான்கள் நால்வரும் ஓடிப்போய், இரண்டு பேர் தலையை மட்டும் நனைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டு பேருக்கு அதுவும் இல்லை. "எங்க வாப்பா சம்பாதிச்ச நல்லெண்ணெ எல்லாம் வீணாப் போச்சு" என்று ஒருவர் புலம்ப, மற்றவர்கள் சிரித்தார்கள்.

அப்போது நான் செய்ததற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை. சட்டைப் பையில் கைவிட்டு வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "பின்பக்கம் குழாய் இருக்கிறது, அண்டாவில் வெந்நீர் போட்டுக்கொள்ளுங்கள், சீயக்காய் சமையலறை மேல்தட்டில்" என்றேன். அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வேன் மறைந்த பிறகுதான் எனக்கு வியர்த்தது. இரவில் படுக்கும் முன் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் நான். பெயர் தெரியாத எட்டுப் பேரிடம் வீட்டைக் கொடுத்திருக்கிறேன். பீரோவைப் பூட்டினேனா என்பது நினைவில்லை. மனைவியின் நான்கு வளையல், ஓய்வூதியப் பணம், நிலப் பத்திரம் எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்தன. அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது, போலீசில் சொல்வதற்காக நான் எழுதி வைத்திருந்த வண்டி எண் மட்டும்தான். சீட்டு பையில் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே போய் அவளிடம் மெதுவாகச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். இயந்திரத்தில் அவள் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது.

"மோட்டார் சுவிட்ச் எதுன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

சொல்லவில்லை என்றேன். தொட்டித் தண்ணீர் எட்டுப் பேருக்குக் காணுமோ என்று நான் கணக்குப் போடத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் அவள் குடிக்கக் கூடாது. ஒவ்வொரு தம்ளரையும் அளந்து கொடுக்கிறவன் நான்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டே, "நல்லாக் குளிக்கட்டும். நமக்கு எதுக்கு அம்புட்டுத் தண்ணி" என்றாள்.

மூன்றரை மணிக்கு அவளைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பிப் போக யாருக்குப் போன் செய்வது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை. எதிரே அதே வேன் நின்றது. அருகில் சலவைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக மூத்தவர். பக்கத்தில் போனதும் எங்கள் வீட்டுச் சீயக்காய் மணம் அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் வெட்கத்தை விட்டு ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தேன். வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. பீரோ பூட்டியே இருந்தது. சீயக்காய் டப்பா காலி. துவைக்கிற கல் முழுவதும் எண்ணெய். தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. மோட்டார் சுவிட்சை அவர்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். வாசலில் மறுபடியும் பணத்தை நீட்டினேன். மூத்தவர் கையை விலக்கிவிட்டு, "வாடக வேணும்னா ஒண்ணு தாங்க அண்ணாச்சி. அடுத்த சீசனுக்கும் வண்டிய இங்கனதான் நிப்பாட்டுவோம். நம்பர் எழுதக் கூடாது" என்றார். ஓட்டுநர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

மறுநாள் அந்த டீக்கடைக்குப் போனேன். நான் வீணாக வரவழைத்துத் திருப்பி அனுப்பிய சவாரிகளுக்கு மூன்று பேரிடமும் கணக்குக் கேட்டுக் கொடுத்தேன். சிவப்புக் கார்க்காரர் ஒருவரிடம் மட்டும் மாதத்துக்குப் பேசி முடித்தேன். "வேற யார்ட்டயும் சொல்ல மாட்டியளே?" என்று அவர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

இப்போதும் வாரம் மூன்று நாள் போகிறோம். என் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஒன்பதரைக்கே வாசலில் வந்து நின்றுவிடுகிறேன். சிவப்புக் கார் பத்து நிமிடம் தாமதமானால் விரல் தானாக வெள்ளைக் காரின் எண்ணைத் தேடுகிறது. அப்போதெல்லாம் பையில் கிடக்கும் வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அதை எட்டுப் பேரிடம் கொடுத்துவிட்டு நாலரை மணி நேரம் இருந்தவனால் ஒருவருக்காகப் பத்து நிமிடம் நிற்க முடியாதா என்று கேட்டுக்கொண்டு, போனைத் திரும்பவும் பையில் போட்டுவிட்டு நிற்கிறேன்.