திருநீற்றில் ஓடிய கோடு

நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகிற வழியில், காட்டுக்கும் வயலுக்கும் நடுவே, ஓர் இரும்புப் பாலம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது என்பார்கள். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலாக இரும்புச் சட்டங்கள் சரிவாக ஏறி இறங்கும். சட்டங்கள் வந்து சேருகிற இடங்களில் அகலமான தகடுகள், தகடுகளில் குமிழ் குமிழாக ஆணித் தலைகள். மாரிகாலத்து விடியலில் ஆற்றிலிருந்து பனிப்புகார் எழும்பிப் பாலத்தின் தூண்களை மறைத்துவிடும். அப்போது பாலம் எதிலும் நிற்காமல் சும்மா மிதக்கும். அதன் மேல் போகிற சைக்கிள்காரரும் மிதந்துதான் போவார்கள்.

எங்கள் வீடு பாலத்தின் தெற்குக் கரையில். நான் வண்டில்காரன். சண்டையால் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்த காலம். லொறி ஓடாத இடத்தில் மாடு ஓடும். விறகு, நெல், இடம்பெயர்ந்து வருகிறவர்களின் சட்டி பானை என்று எதையாவது ஏற்றிக்கொண்டு அந்தப் பாலத்தால் போய் வருவேன். என் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நான் "வாங்க, போங்க" என்று பேசினால் இங்கே எல்லோரும் சிரிப்பார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் எனக்கு வாய் கூசிவிடும். மாடுகளோடு பேசினால் போதும் என்று இருந்துவிட்டேன். என் மனைவி இந்த மண்ணில் பிறந்தவள். எங்கள் இரண்டு பேருக்குமான கதையையும் அவளே கதைத்துக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. யாழ்ப்பாணத்தில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து கடல்நீரேரி தாண்டி வன்னிக்குள் வந்தபோது அவனும் வருவான் என்று காத்திருந்தாள். சனம் வந்தது, வந்துகொண்டே இருந்தது. அவன் வரவில்லை. வந்தால் இந்தப் பாலத்தால்தான் எங்களிடம் வரவேண்டும். அதனால் அவள் பாலத்தின் தொங்கலில், அது எங்கள் கரையில் முடிகிற இடத்தில், போய் நிற்பாள். லொறியும் உழவுயந்திரமும் பஸ்ஸும் சனத்தை அடைத்துக்கொண்டு ஓடும். ஒரு முகத்தைப் பார்க்குமுன் அடுத்த முகம் போய்விடும். "கொஞ்சம் நிண்டு போனால் என்னவாம்" என்று வந்து என்னிடம் சண்டை பிடிப்பாள்.

மழை விட்ட ஒரு காலையில், எங்கள் கரைப் பக்கத்து முதல் தகட்டில், இரண்டு ஆணித் தலைகளுக்கு நடுவிலிருந்து சிவப்பாக ஒரு துளி வழிந்திருந்ததை அவள் கண்டாள். குங்குமம் கரைந்து வழிந்த மாதிரி. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற வேளையில்தான், பாலத்தால் நடந்து வந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, கொடிகாமத்தில் அவள் தம்பி சாயலில் ஒரு பெடியனைக் கண்டதாகச் சொன்னார். சாயல்தான், நிச்சயமில்லை. மனைவிக்கு அது போதுமாக இருந்தது. அன்று பின்னேரமே அந்தத் தகட்டின் கீழ் விளிம்பில் ஒரு மண் விளக்கை வைத்தாள்.

பிறகு அது ஒரு பூசையாக வளர்ந்தது. இலுப்பெண்ணெய் ஊற்றி, பழைய சேலைக் கிழிசலில் திரி திரித்து ஏற்றுவாள். மிஞ்சிய எண்ணெயைச் சாமிக்குச் சாத்துவது போலத் தகட்டில் பூசுவாள். விடிந்ததும் அதைத் துணியால் துடைத்து, எங்கள் மாட்டுச் சாணத்தைச் சுட்டுத் தானே செய்த திருநீற்றை மூன்று பட்டையாக இழுப்பாள். ஒரு செவ்வரத்தம் பூ. அவ்வளவுதான். போகிற வருகிற சனமும் தொட்டுக் கும்பிடத் தொடங்கியது. பஸ் அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகும். கொண்டக்டர் பெடியன் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே நெஞ்சில் கை வைத்துக் கத்துவான்.

"அக்கா, எங்களுக்கும் சேத்துக் கும்பிடுங்கோ! இந்த பஸ் எண்ணெயில ஓடேல்ல, சாமியிலதான் ஓடுது!"

என் வண்டிலைக் கண்டால், "அத்தான், மாடு ரெண்டும் விரதமோ? நடை ஒரு மாதிரியாக் கிடக்கு!" என்பான். நான் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வேன்.

காலையில் அவள் இழுத்த வெள்ளைத் திருநீற்றில் மத்தியானத்துக்குள் ஒரு கறுப்புக் கோடு தோன்றும். மயிரிழை போல மெல்லியது. யாரும் கீறியதில்லை, தானாக வரும். மறுநாள் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினாலும் அதே இடத்தில் திரும்ப வரும். மார்கழியில் ஓர் ஆணித் தலையிலிருந்து அடுத்த ஆணித் தலை வரைக்கும் இருந்தது. தைப்பொங்கல் கழிந்தபோது அதையும் தாண்டிவிட்டது.

"இஞ்சேருங்கோ, வந்து பாருங்கோ" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். "அண்டைக்கு இந்தக் குமிழோட நிண்டது. இண்டைக்குத் தாண்டியிட்டுது. இது தம்பி வாற பாதை. அவன் வெளிக்கிட்டிட்டான்."

நான் கோட்டைப் பார்த்தேன். உண்மையாகவே மேலே இருந்து பார்த்த ஒரு காட்டுப்பாதை போலத்தான் இருந்தது. கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் நெளிந்து. அந்த நாட்களில் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். குசினிக்குள் சமைத்தபடி தனியே ஏதோ முணுமுணுத்துப் பாடுவாள். கோடு ஒரு நெல்மணி அளவு நீண்டால் வீட்டில் பெருநாள் மாதிரி.

மாசி பிறந்த பிறகு ரோட்டுக் கந்தோர் என்கிற வீதி அலுவலகத்திலிருந்து ஓவசியர் ஐயா பாலம் பார்க்க வந்தார். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர். இளைப்பாறுகிற வயது, நல்ல மனிதர், நெற்றியில் எப்போதும் சந்தனம். கையில் சின்னச் சுத்தியல். ஒவ்வொரு தகடாகத் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். டங், டங் என்று ஆறு முழுக்கக் கேட்டது. கடைசியாக எங்கள் கரைத் தகட்டுக்கு வந்ததும் சுத்தியலைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றினார்.

"பிள்ளை, இது என்ன சாமி?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"தெரியாது ஐயா. தானா வந்தது."

"தானா வந்ததெண்டால் சக்தி கூடத்தான்."

கண்ணை மூடி நெடுநேரம் கும்பிட்டார். விரலால் திருநீற்றைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, "பாலம் நல்லாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அந்தத் தகட்டை மட்டும் அவர் தட்டவில்லை. எங்களுக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. சாமியைச் சுத்தியலால் தட்டுவார்களா?

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் நான் மாடுகளை ஆற்றில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இடுப்பளவு. வெயில் பாலத்துக்கு அந்தப் பக்கமாகச் சாய்ந்து, சட்டங்களின் நிழல் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. மாட்டின் முதுகில் தலையைச் சாய்த்து அரைத் தூக்கத்தில் இருந்தேன். பின்னேர பஸ் பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். விளக்கு வைத்த தகட்டின் வெளிப்பக்கம் எனக்கு நேரே இருந்தது. பஸ் பாலத்தின் நடுவுக்கு வந்ததும் தகட்டுக்குள் ஒரு வெளிச்ச நூல் தோன்றியது. பொன் நிறம். இரும்புக்குள் யாரோ கண் திறந்த மாதிரி. பஸ் கடந்ததும் அது மூடிக்கொண்டது. திரும்பவும் வெறும் இரும்பு.

கனவு என்றுதான் முதலில் நினைத்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. மாடு மூச்சு விட்டது, தண்ணீர் ஓடியது, மேலே கிளி கத்தியது. பிறகுதான் எனக்கு விளங்கியது. மறுபக்கத்து வெயில் தெரிகிறது என்றால் நடுவில் இரும்பு இல்லை.

வீட்டுக்கு வந்தேன். அவள் திருநீறு சலித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வார்த்தை எனக்கு எப்போதும் பிந்தித்தான் வரும். மறுநாள் பின்னேரம் வந்ததும், "குளிக்கப் போவமா புள்ள?" என்று கேட்டேன்.

"இந்த நேரத்திலயோ? உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்று சிரித்தாள். ஆனால் வந்தாள்.

தண்ணீரில் நின்றோம். பஸ் வந்தது. வெளிச்ச நூல் திறந்தது, மூடியது. அவள் சேலைத் தலைப்பு நனைந்து ஆற்றோடு இழுபட்டது. அதைக்கூட அவள் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நெல் ஏற்றிய உழவுயந்திரம் ஒன்று வந்தது. நூல் இன்னும் அகலமாகத் திறந்தது.

"பாதை இல்லை, என்ன?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"அப்ப அவன் வரேல்லையோ?"

"வருவான் புள்ள" என்றேன். "வரதுக்குப் பாலம் இருக்கணும்ல."

என் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக வந்ததே பெரிய காரியம். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கரையேறி, தலையைக்கூடத் துவட்டாமல் முன்னால் நடந்து போனாள்.

மறுநாள் விடியலில் பனிப்புகார் நிறைந்திருந்தது. நெடுங்கேணியிலிருந்து காலை பஸ் வரும் நேரம். நான் போய் ரோட்டில் நின்று மறிப்பது என்று நினைத்திருந்தேன். என்ன சொல்லி மறிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எனக்கு முன்னே அவள் போய்விட்டாள். தகட்டின் விளிம்பிலிருந்த விளக்கை எடுத்துப் பாலத்தின் வாசலில், ரோட்டின் நட்டநடுவில் வைத்து ஏற்றியிருந்தாள். பக்கத்தில் திருநீற்றுத் தட்டு, பூ. புகாருக்குள் அந்தச் சுடர் மட்டும் தனியே நின்றது.

பஸ் வந்து நின்றது. விளக்கின் மேலால் ஏற்றுகிற சாரதி எங்கள் பக்கத்தில் இல்லை.

கொண்டக்டர் குதித்து இறங்கினான். "என்னக்கா, சாமி ரோட்டுக்கு வந்திட்டுது? தேர்த்திருவிழாவோ?"

"ஓம். தேர் உங்கட பஸ்தான். எல்லாரையும் இறங்கி நடக்கச் சொல்லு."

"விளையாடாதேங்கோ அக்கா. சனம் கச்சேரிக் கந்தோருக்கு அலுவலாப் போகவேணும்."

அவன் என் பக்கம் திரும்பினான். பஸ்ஸின் அத்தனை யன்னல்களிலும் தலைகள். என் காது சூடாகியது. "பாலத்துல கீறல் விட்டிருக்குங்க" என்றேன். "பஸ் ஏறுறப்போ அது வாயைத் திறக்குது. நாங்க ரெண்டு பேரும் பாத்தோமுங்க." என் பேச்சுக்கு அன்று யாரும் சிரிக்கவில்லை.

வயதான சாரதி இறங்கி வந்தார். அவள் தகட்டில் முந்தின நாள் பூசிய திருநீற்றைக் காட்டினாள். அவர் கறுப்புக் கோட்டின் குறுக்கே நகத்தை வைத்து இழுத்தார். நகம் தடக்கி நின்றது. திரும்பவும் இழுத்தார். திரும்பவும் தடக்கியது.

"எடேய், எல்லாரையும் இறக்கு" என்றார் கொண்டக்டரிடம். "நான் இதில ஏத்தமாட்டன்."

சனம் நடந்து பாலத்தைக் கடந்தது. சொல்லி அனுப்பியதும் மத்தியானமே ஓவசியர் ஐயா சைக்கிளில் வந்து சேர்ந்தார். தகட்டுக்குக் கிட்டே வந்ததும் பழக்கத்தில் குனிந்து செருப்பில் கை வைத்தார்.

"செருப்பைக் கழட்ட வேண்டாம் ஐயா" என்றாள் என் மனைவி. "சுத்தியலால தட்டுங்கோ."

தட்டினார். மற்றத் தகடுகள் மணி போலச் சத்தம் கொடுத்திருந்தன. இது உடைந்த பானையின் சத்தம். அவர் குந்தியிருந்து கோட்டை விரலால் தடவினார்.

"எண்ணெய் பூசித் துடைச்சுப்போட்டு மேல வெள்ளை போட்டால், கீறலுக்குள்ள நிக்கிற எண்ணெய் கசிஞ்சு கோடு காட்டும்" என்றார். "எங்களுக்குப் படிப்பிச்ச முறை அதுதான் பிள்ளை. நீ நாளும் பொழுதும் செய்து வைச்சிருக்கிறாய். நான் வந்து அதுக்கு முன்னால கண்ணை மூடிக்கொண்டு நிண்டிட்டுப் போயிருக்கிறன்." தன்னை நினைத்துத் தானே சிரித்தார். அவளும் சிரித்தாள், கண் நிறைந்தபடி.

திருத்துவதற்கு இரும்பு வேண்டும். அந்தக் காலத்தில் தடையால் வவுனியாவுக்கு இந்தப் பக்கம் இரும்பு வராது. இரண்டு மரக்குற்றிகளைக் குறுக்கே போட்டு, சிவப்புத் துணி கட்டி, வாகனம் ஏறக்கூடாது என்று மறித்துவிட்டார்கள். நடையும் சைக்கிளும் மட்டும் போகலாம். ஆறு வற்றிய பிறகு வண்டில்கள் மணலால் இறங்கி ஏறின. ஒட்டுசுட்டான் பஸ் அக்கரையில் நின்றுகொள்ளும், நெடுங்கேணி பஸ் இக்கரையில். நடுவில் எல்லோரும் நடக்கவேண்டும்.

அவள் திருநீறு பூசுவதை விட்டுவிட்டாள். ஆனால் பொழுது சாய்ந்ததும் விளக்கைக் கொண்டுபோய் மரக்குற்றியின் மேல் வைப்பாள், யாரும் இருட்டில் முட்டிக்கொள்ளாமல் இருக்க. பகலில் ஒரு குடம் தண்ணீரோடு அங்கே இருப்பாள். வருகிறவர்கள் பாலத்தால் ஒவ்வொருவராக நடந்து வந்து, அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள்.

"இப்ப எல்லாற்ற முகமும் வடிவாப் பாக்கலாம்" என்றாள் என்னிடம்.

பார்த்தாள். அந்த முகங்களில் அவள் தேடிய முகம் இருக்கவில்லை.

பிறகு சண்டை எங்கள் பக்கம் வந்தது. நாங்களும் மூட்டை கட்டினோம். நான் வண்டிலை ஆற்று மணலால் இறக்கினேன். அவள் பாலத்தால் நடந்தாள். நான் ஆற்றின் நடுவிலிருந்து அண்ணாந்து பார்த்தபோது அவள் அந்தத் தகட்டின் கிட்டே நின்றுகொண்டிருந்தாள். கோட்டின் மேல் கையை வைத்து, பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லுகிற மாதிரி, குனிந்து எதையோ சொன்னாள். தண்ணீர் இல்லாத ஆறு. இருந்தும் எனக்குக் கேட்கவில்லை.

அக்கரையில் வண்டிலில் ஏறிக்கொண்டதும், "என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"விசுவமடுவுக்குப் போறம் எண்டு சொன்னனான்" என்றாள். "வந்து கேட்டானெண்டால் சொல்லட்டும்."

நான் மாடுகளை ஓட்டினேன்.