முன்வாசலில் மகளின் காலணி

இவாகுரா வெந்நீர் ஊற்று விடுதியில் முன்வாசல் விருந்தாளிகளுக்கு. வீட்டார் வருவதும் போவதும் சமையலறைக் கதவு வழியாகத்தான். எஜமானி ஃபுசாயே பிறந்தது, மணமுடித்தது, கணவனைப் பறிகொடுத்தது எல்லாம் இங்கேதான். முன்வாசலில் விருந்தாளிகளை வணங்கிக் குனிந்து குனிந்தே அவள் இடுப்பு ஒடிந்துபோயிற்று.

பத்தொன்பது வயதில் ஒசாகாவுக்குப் போய்த் தையல் படிக்கக் கிளம்பினாள். பெட்டி கட்டியாயிற்று, செருப்பைக் காணோம். பெற்றவளே எடுத்து அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவிட்டாள். ஊரில் வேறு செருப்பா கிடைக்காது? ஆனாலும் அன்று அழுது ஓய்ந்து அடுப்படிக்குப் போனவள்தான், அதோடு சரி. தாய் செத்த பிறகும் அந்தப் பாழாய்ப்போன கோபம் தீரவில்லை.

இப்போது ஒரே மகள் யுகாரி டோக்கியோவிலிருந்து வந்திருந்தாள். மத்தியானம் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"அம்மா, விடுதிய நான் எடுத்து நடத்த மாட்டேம்மா. என்னால முடியாது."

"உன்ன யாருடி கூப்பிட்டா? நீ துடைச்ச தட்ட நான் மறுபடி துடைக்கணும். இவ எஜமானியாம்!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு ஃபுசாயே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினோரு தலைமுறையாக நடந்த விடுதி. அவளுக்குப் பிறகு பார்க்க ஒரு நாதியில்லை.

மறுநாள் காலை, டோக்கியோவுக்குக் கிளம்புமுன் மகள் குளிக்கப் போயிருந்தாள். சமையலறைக் கதவருகே கிடந்த அவள் காலணியை ஃபுசாயே கையில் எடுத்தாள். அதே அலமாரி, மேல்தட்டு காலி. இன்னும் ஒரே ஒரு நாள் இருந்தால் மனசு மாறிவிடமாட்டாளா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சோறு அடிபிடிக்கிற வாசனை வரும்வரை அப்படியே நின்றாள்.

யுகாரி பையோடு வந்து கதவருகே தேடினாள்.

"அம்மா, என் ஷூ எங்க?"

"முன்னாடி இருக்கு."

விருந்தாளிக்கு வைப்பதுபோலவே, முன்வாசல் படிக்குக் கீழே வெளிப்பக்கம் பார்த்து ஜோடியாக இருந்தது. துடைத்தும் வைத்திருந்தாள். யுகாரியின் முகம் செத்துவிட்டது.

"என்னம்மா இது? நான் என்ன விருந்தாளியா?"

"ஒளிச்சு வைக்கத்தான்டி எடுத்தேன். கை வரல. போட்டுக்கிட்டுக் கிளம்பு."

செருப்புக் கதை யுகாரிக்கும் தெரியும். படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே ஷூவை மாட்டினாள். விருந்தாளிகளை வழியனுப்புவதுபோலவே ஃபுசாயே மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"போயிட்டு வாங்க. மறுபடியும் அவசியம் வாங்க."

வண்டி பாலத்தைத் தாண்டி மறையும்வரை தெருவில் நின்று கையசைத்தாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, சமையலறைக் கதவருகே செருப்பைக் கழற்றினாள். மகளுடையதற்கு இடம் விட்டு, எப்போதும்போல ஓரமாகக் கழற்றினாள்.