நாலாம் நம்பர் பாட்டு

என் தாய்மாமா மைக் செட் வைத்திருந்தார். திருப்புட்குழியைச் சுற்றி எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் அவருடைய ஸ்பீக்கர்தான் முதலில் வந்து இறங்கும். இவ்வளவு சத்தத்துக்குச் சொந்தக்காரர், என் அம்மா எதிரே வந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா அவள். அவள் பேச்சுக்கு மறுபேச்சு அவருக்குத் தெரியாது.

எனக்குப் பத்து வயதில் மாமா யாரோ விற்ற பழைய பிளேயர் ஒன்றை வாங்கி வந்தார். அது கொஞ்சம் கிராக்கி பண்ணியது. செல்போனில் கிடக்கும் சுருக்கிய பாட்டுகளைச் சீந்தவே சீந்தாது. சுருக்காத வேவ் கோப்பாக மாற்றித் தந்தால்தான் பாடும். பக்கத்து வீட்டு காலேஜ் அக்கா தன் லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, அதற்கான கட்டளையை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு பாட்டின் பெயராக அடிக்க வேண்டியதில்லை. பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால், ஃபோல்டரில் இருக்கும் அத்தனையும் மாறிவிடும். மூன்று எம்பி பாட்டு முப்பது எம்பியாக ஊதிக்கொண்டு வருவதைப் பார்த்து மாமா வாய் பிளப்பார். ஒரு இடைவெளி பிசகினாலும் திரை திட்டும் என்பதால் அவர் கீபோர்டைத் தொட மாட்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்த வருடம் என் தம்பிக்குக் காதுகுத்து. அம்மா அப்போது மாமாவுக்கு ஐயம்பேட்டையில் பெண் பார்த்து வைத்திருந்தாள். பேச்சுதான், தட்டு மாற்றவில்லை. காதுகுத்து முடிந்த கையோடு கல்யாணத்துக்கும் நாள் குறித்துவிடுவது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

முதல் நாள் மாமா தன் போனிலேயே பாட்டுகளுக்கு வரிசை எண் போட்டு, லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் நட்சத்திரத்தைப் போட்டு மாற்றி, பென்டிரைவை நீட்டினேன்.

காலையில் பிளேயரைத் தட்டிவிட்டு மாமா மணையில் உட்கார்ந்தார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். பிள்ளையார் பாட்டு, முருகன் பாட்டு, அம்மன் பாட்டு முடிந்தன. ஆசாரி ஊசியை எடுத்தார். நான்கு ஸ்பீக்கரிலும் மாமாவின் குரல் வந்தது.

"அக்கா, கோவிச்சுக்காத. ஐயம்பேட்டை பொண்ணு வேணாம். பட்டுக் கடையில பில்லு போட்ற பொண்ணத்தான் எனக்குப் புடிச்சிருக்குது. அவங்க வீட்ல தெலுங்கு பேசுவாங்க, நம்ம ஆளுங்க இல்ல. நீ சரின்னா கட்டிக்கிறேன். வேணாம்னு மட்டும் சொல்லிடாதக்கா."

பிறகு ஒரு இருமல். அடுத்த சாமி பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அம்மாவின் முகம் சிவந்தது. வேறு நேரமாக இருந்தால் விளக்குமாறு பறந்திருக்கும். குழந்தையோடு மணையில் இருக்கும் தாய்மாமனை அடிக்கவும் முடியாது, எழுப்பி விரட்டவும் முடியாது. "மொதல்ல காது குத்துங்க" என்றாள் ஆசாரியிடம். தம்பி வீறிட்டான். அவனோடு சேர்ந்து மாமாவும் அழுதுகொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"இத என்கிட்ட நேரா சொல்லக் கூடாதாடா?"

"சொல்லலாம்னுதான் நாலு மாசமா வந்துக்கினு போய்க்கினு இருக்கிறேன்க்கா. உன் மூஞ்சப் பாத்தா வார்த்தையே வர்ல."

மறுவாரமே அம்மா பெரிய காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறி அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்தப் பெண்தான் என் அத்தை. இன்றும் அவருக்குக் கோபம் தெலுங்கில்தான் வரும்.

போன மாதம் அந்தப் பென்டிரைவ் கையில் அகப்பட்டது. போனில் பேசிப் பதிந்ததற்குப் போன் தானாகவே நீளமாக எண்ணும் தேதியுமாகப் பெயர் வைக்கும். மாமா பேசிய இந்தப் பதிவுக்கு வெறுமனே 'நாலு' என்று பெயர். என் கட்டளை எந்தப் பெயரையும் மாற்றாது. கொடுத்த பெயரிலேயே திருப்பித் தரும். வரிசை எண் போட்டவர் மாமா ஒருவர்தான்.

அன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மாமாவின் ரகசியத்தை ஊரறியப் போட்டு உடைத்தது என் நட்சத்திரக் குறிதான் என்று, பந்திக்குக்கூடப் போகாமல் அழுதுகொண்டிருந்தேன். மாமா தேடி வந்து ஒரு ஜாங்கிரியை என் வாயில் வைத்து, "நீ ஒண்ணும் தப்பு பண்லமா" என்றார். இத்தனை பெரிய தப்பைப் பொறுத்துக்கொள்கிறாரே, மாமாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டே அதைத் தின்றேன்.