எண்ணெ மாப்பிள்ளை

புதுக் கார் வாங்கினவளுக்கு ஊரே வாத்தியார். நானே வாத்தியார்தான் என்பதால் எனக்கு எரிச்சல் இன்னும் அதிகம். பாலக்கோட்டிலிருந்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பல வருஷம் பஸ்ஸில் நசுங்கிப் போனவள், ஒருவழியாகச் சின்னதாக ஒரு கார் வாங்கினேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே கேள்வி: என்ன ஆயில் ஊற்றுகிறாய், எப்போது மாற்றுவாய்? ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் ஒன்று சொன்னால் பி.டி. சார் அதற்கு நேரெதிராகச் சொல்வார். எங்கள் சித்தப்பா டிராக்டர் வைத்திருப்பவர். ஒரு நாள் வந்து பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் இருந்ததை விரலால் தேய்த்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, தண்ணியாட்டம் இருக்குது? கம்பெனிக்காரன் உன்னிய நல்லா ஏமாத்திப்புட்டான். நம்ம வூட்ல டிராக்டர் ஆயில் கெட்டியா, ஜம்முனு இருக்குது. அத ஊத்து."

பயந்துபோய்த் தம்பியைக் கேட்டேன். அவனுக்கு ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை ஊருக்கு வருவான். காரோடு கொடுத்த புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "சித்தப்பா பேச்சக் கேட்டீன்னா இன்ஜின் காலி" என்றான். "இந்த இன்ஜினுக்கு ஆயில் நம்பர் ஜீரோ டபிள்யூ இருபதுன்னு போட்டுருக்கான். அது லேசாத்தான் இருக்கும், காலைல ஸ்டார்ட் பண்ணவுடனே மேல வரைக்கும் ஏறணுமில்ல. டிராக்டர் வேற, இது வேற." எப்போது மாற்றுவது என்று கேட்டதற்கும் பதில் வைத்திருந்தான். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது என்று புத்தகம் சொல்கிறதாம். "ஆனா நீ ஓட்டறது கிட்டத்துலயே. இன்ஜின் நல்லா சூடாவறதுக்குள்ள ஸ்கூல் வந்துருது. புழுதி வேற. நீ ஆறு மாசத்துல மாத்திரு."

எனக்கு நிம்மதி. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனே கம்பியை உருவிப் பார்ப்பான். துடைப்பான், மறுபடி விட்டு எடுப்பான், "கரெக்டா இருக்குது" என்பான். சில ஞாயிறுகளில் அந்தக் கம்பியைத் துளைக்குள் விட முடியாமல் அவன் கை நடுங்கும். நான் பக்கத்தில் நின்று பார்த்தபடியே, "ஆயில் கறுத்திருக்குதாடா?" என்று கேட்பேன். கை ஏன் நடுங்குகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

என் தம்பி குடிப்பான். எங்கள் வீட்டில் அதற்கு 'எப்பவாச்சும்' என்று பெயர். சனிக்கிழமை வந்தால் எப்பவாச்சும், சம்பளம் வந்தால் எப்பவாச்சும், மனசு சரியில்லை என்றாலும் எப்பவாச்சும். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா சொல்வார். அடுத்தவர் வீட்டுப் பெண் வந்து இவனைச் சரிபண்ணட்டும் என்பதுதான் அதன் அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மண்டையை ஆட்டினேன்.

மாரண்டஹள்ளியைத் தாண்டி ஒரு கிராமத்தில் பெண் அமைந்தது. எங்கள் சனம்தான், ஆனால் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். எங்கள் வீட்டில் அது தாத்தா காலத்திலேயே தமிழாகிவிட்டது, எனக்கு அரைகுறைதான். தரகர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "அவங்க நகை நட்டு எதுவும் பேச மாட்டாங்க. பையன் குடிக்கக் கூடாது, அது ஒண்ணுதான். மூத்த பொண்ணக் கட்டுனவன் குடிச்சுக் குடிச்சே அந்தப் புள்ளயப் படாதபாடு படுத்திட்டான். இப்ப அம்மா வூட்லதான் இருக்குது." சரிங்க என்றேன். வெள்ளிக்கிழமையே தம்பிக்குப் போன் போட்டு, ஞாயிறு வரைக்கும் தொட்டாயோ தொலைச்சுப்புடுவேன் என்று மிரட்டினேன். அவனும் தொடவில்லை.

நான்தான் காரை ஓட்டிப் போனேன். அம்மாவும் தம்பியும் நானும் அவர்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். கேசரி வந்தது, போண்டா வந்தது. பெண் வந்து நின்றாள், லட்சணமான பெண். மூத்தவள் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார்: "நிம்ம தம்ம ஹேகம்மா?" உங்கள் தம்பி எப்படி?

வாயைத் திறந்தால் எல்லாப் பேச்சும் அங்கேதான் போய் முட்டும் போலிருந்தது. நல்ல பழக்கம் என்று ஆரம்பித்தால் கெட்ட பழக்கம் என்ன என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வான் என்பார்கள். பொய் சொல்லாமல் புகழக்கூடிய ஒரே விஷயம் என் காருக்கு அவன் ஆயில் பார்ப்பதுதான் என்று தோன்றியது. அதையும் சும்மா சொல்லியிருக்கலாம். அவர்கள் பாஷையிலேயே பேசி அசத்திவிடலாம் என்று ஒரு நப்பாசை. ஆயிலுக்குக் கன்னடத்தில் எண்ணெ. அது எனக்குத் தெரியுமே!

"எண்ணெ விஷயதல்லி நம்ம தம்மன மீரிஸோரு இல்லா" என்றேன். எண்ணெய் விஷயத்தில் என் தம்பியை மிஞ்ச ஆளில்லை.

கூடம் கப்சிப் என்று ஆனது. அசந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தமிழிலும் தொடர்ந்தேன். "எது ஒசத்தி, எது மட்டம்னு பாத்தவுடனே சொல்லிருவானுங்க. கெட்டியா இருந்தா ஆவாது, லேசா இருக்கணும்பான். ஞாயித்துக்கெழமை ஆனா அதான் வேலை. நானே இப்ப அவன் சொல்ற எண்ணெதாங்க ஊத்தறேன்."

பெண்ணின் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மூத்தவள் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி என் முழங்கையை இடித்தான். அவன் ஓசூரில் இருப்பவன், எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு தெரியும். "அக்கா, வாய மூடு. எண்ணென்னா சரக்குக்கா!"

ஐயோ! பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. தம்பி எழுந்து, "கார் எண்ணெங்க! இன்ஜின் ஆயில்!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினான். எல்லோரும் பின்னால் போனோம். பானெட்டைத் திறந்தான், கம்பியை உருவினான், பெண்ணின் அப்பா கையிலேயே கொடுத்துவிட்டான். அன்றைக்கு அவன் கை நடுங்கவில்லை. பெரியவர் நுனியைத் தொட்டு மோந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எண்ணெ மாப்ளே!" என்றார்.

வீடே சிரித்தது. பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்போதுதான் முதல்முறையாக என் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. உள்ளே போய்த் தட்டு மாற்றுவது பற்றிப் பேசினார்கள். பையன் குடிப்பானா என்று யாருமே கேட்கவில்லை. கேட்டுப் பதிலும் கிடைத்துவிட்டதாக அவர்களுக்கு ஓர் எண்ணம். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

கிளம்பும்போது மூத்தவள் கார் வரைக்கும் வந்தாள். கண் சிவந்திருந்தது. "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பேச்சக் கேட்டதும் எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. உங்களப்போயி சந்தேகப்பட்டுட்டேன்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "பரவால்ல கண்ணு" என்றேன். பக்கத்து சீட்டில் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

ஆவணியில் கல்யாணம். இன்னும் நாள் இருக்கிறது, உண்மையைச் சொல்லி ஒரு போன் போட்டால் முடிந்தது. ஆனால் போன் போடுவது அந்த மூத்தவள்தான். என்னை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் கூப்பிட்டாள்.

"எங்க எண்ணெ மாப்ள எப்படிக்கா இருக்காரு?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். தம்பி கூடத்தில் கவிழ்ந்து கிடந்தான், முந்தின நாள் போட்ட சட்டையைக்கூட மாற்றவில்லை. வீடு பூராவும் நாற்றம்.

"நல்லா இருக்கான்மா. தூங்கறான்."

"எழுப்பாதீங்கக்கா, பாவம்" என்றாள். "வாரம் பூரா ஒழைக்கிறவரு, நல்லா தூங்கட்டும்."